மறுவற்ற முகமும் மானிடப் பெறுமதியும்

நமது இலக்கிய விமர்சனம் பெரும் பொருள்களையே தேடிச் செல்வது. போர், வறுமை, சாதி, நிலம் என்பன பற்றி எழுதுவோர் முகப்பருவைப் பற்றி எழுத முற்பட்டால் நகைப்புக்கு இடமாவர். சமுதாயத்தை மாற்ற விழைவோருக்கு இது தகுந்த பொருளோ எனக் கேட்போரும் உளர். ஆயினும், தனிமனித மனத்தின் சிறு துயரங்களெனத் தோன்றுவன பலவற்றின் வேர் சமுதாயத்திலேயே ஊன்றியிருக்கின்றது என்பதை ஏற்றுக்கொண்டோர் நாம். பதினைந்து பதினாறு வயது மாணவர் சிலர் கரும்பலகையை நோக்காது கடைசி வாங்கிலே தலை கவிழ்ந்திருப்பதையும், வாசிக்க எழுமாறு கூறினால் கையாற் கன்னத்தை மறைத்துக்கொள்வதையும், குழுப்படம் எடுக்கும் நாளிற் பாடசாலைக்கு வராதிருப்பதையும் ஆசிரியர் எவரும் கண்டிருப்பர். அவர்கள் மறைக்க முயல்வது பருவையும் அது விட்டுச் சென்ற குழியையும். அந்த நாணத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பதே இக்கட்டுரையின் வினா.

நாணத்தைக் கற்பித்தவற்றுள் நமது இலக்கியமும் ஒன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். திருக்குறளின் நலம்புனைந்துரைத்தல் என்னும் அதிகாரத்திலே, 1117 ஆம் குறள், தேய்ந்து வளரும் நிலவுக்குக் களங்கம் உண்டு, இப்பெண்ணின் முகத்திலோ அத்தகைய மறு இல்லை என்னும் கருத்தைத் தலைவன் கூற்றாக வைக்கின்றது. அழகிய கற்பனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே நூலின் படைச்செருக்கு அதிகாரத்திற்குச் செல்வோம். 776 ஆம் குறளிலே வீரன் தன் வாழ்நாளைக் கணக்கிடுகின்றான்; விழுப்புண் படாத நாள்களையெல்லாம் வீணே கழிந்த நாள்களின் பக்கத்தில் எழுதுகின்றான். ஆணின் உடலில் புண் இல்லாமை குறை; பெண்ணின் முகத்திற் புள்ளி இருப்பது குறை. ஒரே தோல், இரு நீதி. புறநானூற்றின் 278 ஆம் பாடலில் வரும் முதுதாய், மகன் புறமுதுகிட்டான் என்ற சொல்லைக் கேட்டுச் சினந்து, களத்திற் பிணங்களைப் புரட்டித் தேடி, அவன் சிதைந்து கிடந்தமை கண்டு ஈன்ற பொழுதினும் மகிழ்கின்றாள். புண் எங்கே இருக்கின்றது என்பது அங்கே குலத்தின் மானத்தை நிர்ணயிக்கின்றது. போரினால் வாழ்ந்த சமுதாயம் தழும்புக்கு விலை நிர்ணயித்தது. அந்த விலையை ஆணின் கணக்கில் மட்டுமே வரவு வைத்தது.

எனினும் பழந்தமிழ் மரபு முழுவதும் இவ்வாறே இருந்தது எனக் கூறுவோர் அம்மரபை அரைகுறையாகக் கற்றவராவர். சங்கச் செய்யுள்களிற் பெண்ணுடலை வருணிக்குமிடத்துச் சுணங்கு, திதலை என்னும் இரு சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. இரண்டும் தோலின் மேல் தோன்றும் புள்ளிகளையும் தேமலையும் குறிப்பன. புலவர் அவற்றை இகழ்ந்தாரல்லர். வேங்கைப் பூவின் தாதுக்கு ஒப்பிட்டு வியந்தனர். மேனியின் மாமை நிறமும் அவ்வாறே போற்றப்பட்டது. கருநிறப் பெண்ணை மாயோள் என அழைத்தது குறை கூறுவதற்காக அன்று. ஆகவே, புள்ளியில்லாத வெண்முகமே தமிழரின் தொன்மையான அழகு என்று இன்று கூறப்படுமாயின், கூறுபவர் இலக்கியத்தைச் சான்று காட்ட இயலாது. அழகின் அளவுகோல் காலந்தோறும் மாறி வந்திருக்கின்றது. மாறியது எனின், மேலும் மாற்றலாம் என்பதும் பெறப்படும்.

சில காலத்துக்கு முன், உயர்தர வகுப்பொன்றிற் பாடத்துக்கு வெளியே இக்குறளைப் பற்றிப் பேச நேர்ந்தது. அதுவரை அதிகம் பேசாத மாணவி ஒருத்தி, “முகத்திலே மறு உள்ளவளை வள்ளுவர் எங்கே வைத்தார்?” என்று கேட்டாள். வகுப்பு சிரிக்கவில்லை. நமது உரையாசிரியர்கள் அணியையும் இலக்கணத்தையும் விரித்தனரேயன்றி இவ்வினாவை எழுப்பினாரல்லர். இதற்கு நேர்மையான விடை ஒன்று உண்டு. அக்குறள் அழகின் சட்டம் அன்று. காதலன் ஒருவனின் பேச்சு. தான் நேசிப்பவளின் முகத்தில் அவன் மறுவைக் காணவில்லை. மறு இல்லாமையால் அவன் நேசித்தான் என்று கொள்ள வேண்டுவதில்லை. நேசித்தமையால் மறு அவன் கண்ணிற் படவில்லை என்று கொள்ளவும் இடமுண்டு. அவ்வாறு வாசித்தால், பருத்தழும்பு உள்ளவளும் அக்குறளின் தலைவியாதல் கூடும். பிற்காலத்திலே கேசாதிபாத வருணனை ஒரு வாய்பாடாக இறுகி, கூந்தல் முதல் கால்விரல் வரை உறுப்புக்கோர் உவமை என்று பட்டியல் போடப்பட்டபோது, காதலனின் பேச்சு மறைந்தது. பொருளை மதிப்பிடுபவனின் பார்வை எஞ்சியது. சிற்றரசரும் நிலவுடைமையாளரும் புலவரைப் புரந்த காலத்து இலக்கியம் அது. பெண்ணின் உடல் அங்கே உடைமைகளுள் ஒன்றாய் எண்ணப்பட்டது வியப்பன்று.

இனி நாட்டார் வழக்கை நோக்குவோம். பெரியம்மை கண்டவரின் கொப்புளங்களை நம் முன்னோர் முத்து என்றனர். இன்றும் வன்னியிற் கொப்புளிப்பான் கண்டால் அம்மாள் வருத்தம் என்றே முதியோர் கூறுவர், வேப்பிலை கட்டுவர், வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி வைப்பர். இவ்வழக்கை நாம் மூடநம்பிக்கை என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாம். அம்மையை ஒழித்தது நேர்த்தியன்று. 1796 இல் எட்வேர்ட் ஜென்னர் தொடக்கிவைத்த தடுப்பூசி முறையும், உலக நாடுகள் ஒன்றுகூடி நடத்திய இயக்கமுமே. 1980 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை பெரியம்மை ஒழிந்தது எனப் பிரகடனம் செய்தது. இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அவ்வழக்கில் மனித நேயம் ஒன்றும் பொதிந்திருந்தது. நோய் அம்மனின் செயல் எனின், நோயுற்றவர் மீது குற்றமில்லை. தழும்பை முத்து என்று அழைத்த ஊர், தழும்புடையவளை நோக்கி நீ அழுக்கானவள் என்று கூறவில்லை. இன்று முகப்பரு கண்டவளிடம் நாம் கூறுவதென்ன? முகம் கழுவுவதில்லை, எண்ணெய்ப் பலகாரம் தின்கிறாள், கண்ட கண்ட நினைப்பு என்பன அல்லவா? தெய்வத்தின் மீதிருந்த பழியை எடுத்துச் சிறுமியின் தலையில் வைத்தோம். அறிவியலை மட்டும் இடையிலே விட்டுவிட்டோம்.

அறிவியல் கூறுவது எளிது. மயிர்க்காலோடு இணைந்த நெய்ச்சுரப்பி, பூப்புப் பருவத்தில் ஓமோன்களின் தூண்டுதலால் மிகையாகச் சுரக்கின்றது. துவாரம் இறந்த தோற்கலங்களால் அடைபடுகின்றது. அங்கு இயல்பாக வாழும் பற்றீரியா பெருக, அழற்சி உண்டாகின்றது. 12 வயதுக்கும் 24 வயதுக்கும் இடைப்பட்டோரில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் ஏதேனும் ஓரளவில் இதனைக் காண்பர் என்பது மருத்துவ நூல்கள் வழமையாகக் கூறும் கணக்கு. குடும்ப வழியும் இதில் உண்டு. பெரும்பான்மையோருக்கு வருவது அழுக்கின் தண்டனையாதல் எங்ஙனம்?

தழும்பு தானாக நாணத்தை விளைவிப்பதில்லை என்பதற்கு நமது உடலிலேயே சான்று உண்டு. இலங்கையிற் பிறக்கும் குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பூசியாகிய பி.சி.ஜி. பிறந்தவுடன் இடக்கையின் மேற்புறத்தில் ஏற்றப்படுகின்றது. அவ்விடத்திலே தழும்பு விழுந்திருக்கின்றதா என்று குடும்பநல உத்தியோகத்தர் பார்ப்பார், விழுந்திருந்தால் மகிழ்வார். ஏழைக்கும் செல்வருக்கும், தமிழருக்கும் சிங்களவருக்கும் முஸ்லிமுக்கும் அத்தழும்பு ஒன்றே. அதனை எவரும் மறைப்பதில்லை. அதுவும் தோலிலே விழுந்த வடுவே; ஆயினும் எல்லாருக்கும் உரியது, மக்கள் சுகாதாரத்தின் முத்திரை. இதனின்றும் பெறப்படுவது யாது? நாணம் தோலில் இல்லை. தோலை வாசிப்போரின் கண்ணில் உண்டு.

அந்தக் கண்ணைப் பழக்கியவர்களுள் முதன்மையானவர் வியாபாரிகள். 1975 இல் இந்தியாவில் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபெயார் அன்ட் லவ்லி என்னும் களிம்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கருமுகத்தாள் வேலையின்றித் தவிப்பதும், முகம் வெளுத்தபின் வேலையும் மணமும் வந்தடைவதும் அதன் விளம்பரங்களின் வாய்பாடாயின. அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடர்ந்து போராடியதன் விளைவாக அத்தகைய விளம்பரங்கள் சில 2003 இல் நிறுத்தப்பட்டன. 2020 இல், நிறவெறிக்கு எதிரான குரல் உலகெங்கும் ஓங்கியபோது, களிம்பு குளோ அன்ட் லவ்லி எனப் பெயர் மாறியது. பெயர் மாறியதேயன்றித் தொழில் மாறவில்லை. முதலில் மனிதனுக்கு ஒரு குறை உண்டு என்று நம்பவைத்தல், பின்னர் அக்குறைக்கு மருந்து விற்றல் என்பதே அத்தொழில்.

நம்மூரில் இது சாமத்திய வீட்டு அல்பத்தின் வடிவில் வந்து சேர்கின்றது. பரு அரும்பும் வயதும் பூப்புனித நீராட்டு விழாவின் வயதும் ஏறத்தாழ ஒன்றே. கடன்பட்டேனும் விழா எடுப்பர், படம் பிடிப்பர். அச்சாகி வரும் அல்பத்திலே சிறுமியின் முகம் கணினியால் வெளுக்கப்பட்டு, பருவும் புள்ளியும் துடைக்கப்பட்டு, மெழுகுபோல் இருக்கும். பெற்றோர் மகிழ்வர். அச்சிறுமிக்கோ, தான் இருக்கவேண்டிய முகம் இது, தனக்கு வாய்த்த முகம் வேறு என்னும் பாடம் 13 வயதிலேயே புகட்டப்படுகின்றது. பின்னர் கைத்தொலைபேசி அப்பாடத்தை நாள்தோறும் ஒப்புவிக்கின்றது.

2015 இல் வெளிவந்த பிரேமம் என்னும் மலையாளத் திரைப்படத்தை இவ்விடத்துக் குறிப்பிடுதல் பொருந்தும். அல்போன்ஸ் புத்திரன் இயக்கிய அப்படத்திலே மலர் என்னும் கல்லூரி விரிவுரையாளராகச் சாய் பல்லவி, கன்னத்துப் பரு மறைக்கப்படாத முகத்துடன் நடித்தார். படம் அதனைக் கதைப்பொருள் ஆக்கவில்லை. அதற்காக இரக்கமும் கோரவில்லை. அதுவே அதன் சிறப்பு. வன்னியின் மாணவியரும் மலரை விரும்பினர். பின்னாளில் முகவெண்மைக் களிம்பு விளம்பரமொன்றில் நடிக்க மறுத்ததையும் அந்நடிகை உறுதிப்படுத்தினார். இது பாராட்டுக்குரியது. ஆயினும் விமர்சகன் இங்கே நின்றுவிடலாகாது. பருவுள்ள முகம் திரையில் ஏற்கப்படுவதற்கு அந்த முகத்துக்குரியவள் நடனத்திலும் நடிப்பிலும் ஒப்பற்றவளாக இருக்க வேண்டியிருந்தது. சாதாரணத் திறமையும் சாதாரண முகமும் உடைய ஒருத்தி மதிக்கப்படும் நாளே உண்மையான மாற்றத்தின் நாள். குறைக்கு ஈடாக அசாதாரணத் திறமையைக் கேட்பது மற்றுமொரு வகை வரியே.

வன்னியில் இப்பொருளைப் பேசுவோர் எதிர்கொள்ளும் தடையொன்று வேறெங்கும் இல்லாதது. “சனம் காலைக் கையை இழந்து நிக்குது, உனக்குப் பருவோ பெரிசாப் போச்சு?” என்று கேட்கும் வீடுகள் இங்கு உண்டு. அக்கேள்வியைக் கேட்பவர்கள் கொடியவரல்லர். 2009 இன் எறிகணைச் சிதறல்களை உடலிற் சுமப்போர் அவர்கள். இம்மண்ணிலே தழும்பு அழகுப் பொருளாக மட்டும் இருந்ததில்லை. சோதனைச் சாவடியிற் சந்தேகப் பொருளாகவும் இருந்தது. காயத்தின் வடு இருந்தமையாலேயே விசாரிக்கப்பட்டோர் பலர். 2019 மார்ச் மாதத்தில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த புகலிட வழக்கொன்றில், இலங்கைத் தமிழர் ஒருவரின் முதுகிலும் வலக்கையிலும் இருந்த சூட்டுத் தழும்புகளே ஆராயப்பட்டன. சித்திரவதையின் வடுக்கள் என்று அவர் கூறினார். தாமே பிறரைக் கொண்டு சுடுவித்திருக்கலாம் என்று கீழ் நியாயசபை ஐயுற்றது. அத்தகைய செயல் மிக அரிது என்பதைச் சுட்டிய உச்ச நீதிமன்றம், வழக்கை மீள விசாரிக்கப் பணித்தது. சங்கப் புலவர் முதுகின் புண்ணிற் கோழைத்தனத்தைக் கண்டனர்; அதிகாரி அதிற் பொய்யைக் கண்டார். தழும்பு பேசுவதில்லை. அதிகாரம் உள்ளவரே அதன் சார்பிற் பேசுகின்றனர்.

பருத்தழும்பையும் போர்த்தழும்பையும் ஒரே தராசில் இடுதல் நமது நோக்கமன்று. ஆயினும் பெருந்துயர் இருக்கின்றது என்பதாற் சிறுதுயர் இல்லையாகிவிடாது. வாய்மூடப்பட்ட சிறுதுயரம் தனிமையில் வளர்கின்றது. முகப்பரு உடையோரிடையே மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுவதை மருத்துவ ஆய்வுகள் எடுத்துரைத்துள்ளன. அதற்கும் பருவின் எண்ணிக்கைக்கும் நேர் விகிதம் இல்லை. சிறு பருவுக்கே பெரிதும் வருந்துவோர் உளர். வள்ளுவர் 129 ஆம் குறளிலே தீயினால் உண்டானதைப் புண் என்றும் நாவினால் உண்டானதை வடு என்றும் பிரித்துக் கூறினார். முன்னது உள்ளே ஆறும், பின்னது ஆறாது. வகுப்பறையிற் சூட்டப்படும் பட்டப்பெயர்களைக் கேட்ட ஆசிரியருக்கு அக்குறளுக்கு உரை வேண்டுவதில்லை.

தழும்பை ஏற்றுக்கொள்க என்று உபதேசித்து அமைவதும் போதாது. மாற்றக்கூடியதை மாற்ற விரும்புவது எவருக்கும் உரிமை. சிகிச்சை நாடுவதில் இழிவில்லை. இங்கேதான் வர்க்க வேறுபாடு தன் முகத்தைக் காட்டுகின்றது. பரு ஆறியபின் எஞ்சுவன இருவகை. ஒன்று கருங்கறை; நம் போன்ற கருநிறத் தோலில் இது மிகுதி; வெயிலைத் தவிர்த்தால் மாதங்கள் செல்லச் செல்ல மங்கும். மற்றது குழி, தோலின் கொலாஜன் இழையம் சிதைந்தமையால் உண்டாவது, தானாக நிரம்பாது. குழி விழாமற் காக்கும் வழி பருவைக் காலத்தோடு மருத்துவம் செய்தலே. பென்சோயில் பெரொக்சைட்டு, அடபலீன் முதலியவை விலையுயர்ந்த விந்தைகள் அல்ல. ஆனால் பயன்காண 6 முதல் 12 கிழமை வரை பொறுத்தல் வேண்டும். கடுமையான பருவுக்கு ஐசோரெற்றினோயின் உண்டு. கருவிலுள்ள குழந்தைக்குக் கடும் ஊறு செய்வதாதலால் வைத்தியரின் கண்காணிப்பிலன்றி அதனை உட்கொள்ளலாகாது. விழுந்துவிட்ட குழிக்கு, தோலின் கீழே தழும்பை இழுத்துப் பிடிக்கும் நார்களை ஊசியால் அறுத்தல், நுண்ணூசிகளாற் குத்திப் புதிய இழையத்தைத் தூண்டுதல், குழிக்குள் அமிலத்தைத் துளியாக வைத்தல், லேசர் என்பன உண்டு. பல அமர்வுகள் வேண்டும். கைதேராதவர் செய்தாற் கருந்தோல் மேலும் கறுக்கும். வாக்களிக்கத்தக்கது திருத்தமே, முழு நீக்கம் அன்று. தழும்பை அடியோடு அழிப்போம் என்று விளம்பரம் செய்பவர் பொய்யுரைக்கின்றார்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற பெரிய அரச வைத்தியசாலைகளில் தோல் நோய்ச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கின்றது. அது இந்நாட்டின் உழைக்கும் மக்களுக்கு வாய்த்த பெரும் உரிமை. ஆனால் மல்லாவியிலிருந்து மாங்குளம் வந்து ஏ9 வீதியிற் பஸ் ஏறி, வரிசையில் நின்று திரும்புவதற்குள், உடன் செல்லும் தாயின் ஒரு நாட் கூலி போய்விடும். பருவுக்காக அந்தக் கூலியை இழக்கலாமா என்று வீடு தயங்கும். அத்தயக்கத்தின் இடைவெளியிலேதான் கடையிற் கிடைக்கும் களிம்பு புகுகின்றது. சிலவற்றில் வலிமை மிக்க ஸ்ரெரொயிட்டு உண்டு. முதற் கிழமைகளில் முகம் பொலியும். பின்னர் தோல் மெலிந்து சிவந்து, பரு முன்னிலும் மிகும். சிலவற்றிற் பாதரசம் உண்டு. அது சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்கள் அனைத்தையும் 2025 உடன் முடிவுறுத்துவதற்கு 2023 இல் இணங்கின. அதே ஆண்டில் இலங்கை, காபோன், ஜமேக்கா ஆகிய மூன்று நாடுகளும் இத்தகைய களிம்புகளை ஒழிக்கும் திட்டமொன்றை ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்துடன் தொடங்கின. உடன்படிக்கையின் தாள் கிராமத்துக் கடையின் தட்டை அடையும் வரை, ஏழைப் பிள்ளையின் கன்னமே சோதனைக்கூடம். பற்பசையும் தேசிப்புளியும் பூசித் தோலைப் புண்ணாக்குவோரும் அறியாமையால் அன்றி, வேறு வழி எட்டாமையாலேயே அவ்வாறு செய்கின்றனர்.

இவற்றை மாற்றும் பொறுப்பில் ஆசிரியருக்கும் எழுத்தாளருக்கும் பங்குண்டு. விஞ்ஞான பாடத்திலே நெய்ச்சுரப்பியைக் கற்பிக்கும்போது பருவைப் பெயர் சொல்லிக் கற்பித்தல், பட்டப்பெயரை விளையாட்டெனக் கொள்ளாது கண்டித்தல், ஒதுங்கும் மாணவரைப் பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரிடம் கொண்டு சேர்த்தல், மனம் தாங்காத வேளையில் 1926 என்னும் தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம் என்று அறிவித்தல், களிம்பின் உறையை வாசிக்கப் பழக்குதல் என்பன நாளையே செய்யக்கூடியவை. மாவட்டந்தோறும் தோல் நோய் வைத்தியரின் ஒழுங்கான வருகையைக் கோருதல் நமது சங்கங்கள் செய்யவேண்டியது.

எழுத்தாளரிடம் வேண்டுவது வேறு. நமது சிறுகதைகளில் இன்றும் நல்லவளின் முகம் நிலவாகவும் தீயவனின் முகம் அம்மைத் தழும்புடையதாகவும் வருகின்றன. முற்போக்கு எழுத்தும் இதற்கு விலக்கன்று. உழைப்பாளியின் கையிலுள்ள காய்ப்பை மதிக்கக் கற்ற நமது இலக்கியம், அவ்வுழைப்பாளியின் மகளுடைய கன்னத்துக் குழியை இன்னும் எழுதவில்லை. அதனை இரக்கத்தோடு எழுத வேண்டுவதில்லை. உவமை தேட வேண்டுவதுமில்லை. உள்ளது உள்ளபடி, அவளுடைய படிப்போடும் கோபத்தோடும் சிரிப்போடும் சேர்த்து எழுதினாற் போதும். மறு உள்ளவளை எங்கே வைத்தீர் என்ற வினாவுக்கு வள்ளுவர் விடை சொல்ல வரப்போவதில்லை. விடை சொல்லும் கடன் இன்று எழுதுவோர்க்கும் கற்பிப்போர்க்குமே உரியது.